உப்புத் தண்ணீரிலும் நன்னீர் மீன் வளர்க்கலாம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

தொட்டிக் கண்ணாடியில், நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போகாது. நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிரும். புதிதாக மீன் தொட்டி வைத்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்ததும், நம் வீட்டுத் தண்ணீர் மீனுக்கு ஆகாது போலிருக்கிறது என்று பயந்துவிடுகிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடினமான குழாய்த் தண்ணீரில் நன்றாக வாழும் மீன்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் தண்ணீர் எந்த மீனுக்குப் பொருந்தும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் தண்ணீரை மாற்றும் மருந்துகளை வாங்கி ஊற்றத் தொடங்கும்போதுதான் மீன்கள் சாகின்றன.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீரை நாம் பொதுவாக ‘உப்புத் தண்ணீர்’ என்கிறோம். அதில் இருப்பது பெரும்பாலும் நாம் சமையலுக்குப் போடும் உப்பு அல்ல. கால்சியமும் மெக்னீசியமும்தான். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கண்ணாடியில் படிவதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பொருக்காகப் பிடிப்பதும் அந்தச் சுண்ணாம்புதான். இந்த வேறுபாடு தெரியாமல், ‘ஏற்கெனவே உப்பு இருக்கிறதே’ என்று மோலி மீனை ஒதுக்குபவர்களும் உண்டு. மோலிக்கு மிகவும் பிடித்த தண்ணீரே இதுதான்.

முதல் வேலை: அளப்பது

அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஜி.ஹெச்., அதாவது மொத்தக் கடினத்தன்மை. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு இருக்கின்றன என்று அது சொல்லும். மற்றது கே.ஹெச். இது பைகார்பனேட்டின், அதாவது தண்ணீரில் கரைந்து அமிலத்தை முறிக்கும் பொருளின், அளவு. மீனின் உடலுக்குள் உப்புச் சமநிலை எப்படி இருக்கும் என்பதில் ஜி.ஹெச்.சுக்குப் பங்கு உண்டு. தொட்டியின் பி.ஹெச்., அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், அசையாமல் நிற்பது கே.ஹெச்.சால். இரண்டும் வேறு வேறு என்பது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீரில் முக்கி எடுக்கும் காகிதப் பட்டையை விட, சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் நம்பகமானது. கே.ஹெச். சோதனையை ஒருமுறை செய்துபார்ப்போம். சோதனைக் குழாயை அதே தண்ணீரால் அலசிவிட்டு, 5 மில்லி கோடு வரை நிரப்புங்கள். மருந்துப் புட்டியை நேராகத் தலைகீழாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறிவிடும். முதல் சொட்டிலேயே தண்ணீர் நீலமாகும். மூடிக் குலுக்குங்கள். அடுத்த சொட்டு, மறுபடி குலுக்கல். எண்ணிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் சொட்டு விழுந்த இடம் மட்டும் மஞ்சளாகி, குலுக்கியதும் மறுபடி நீலமாகிவிடும். பலரும் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஓரிரு சொட்டு விட வேண்டியிருக்கும். குலுக்கிய பிறகும் மஞ்சள் மாறாமல் நின்றால்தான் கணக்கு முடிந்தது. எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. ஜி.ஹெச். சோதனையும் இதே மாதிரிதான். ஆரஞ்சோ சிவப்போ கடைசியில் பச்சையாக மாறும். நிறமும் சொட்டுக் கணக்கும் கிட்டுக்குக் கிட்டு வேறுபடலாம் என்பதால் அதனுடன் வரும் தாளைப் படித்துவிடுங்கள்.

ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் கடினத்தன்மை 320 மில்லிகிராம் என்று இருந்தால் அதை 17.8-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ 18 டிகிரி. தோராயமாகச் சொன்னால் 8 டிகிரி வரை மென்னீர், 8 முதல் 12 வரை நடுத்தரம், 12-க்கு மேல் கடினம், 18-ஐத் தாண்டினால் மிகக் கடினம்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஜி.ஹெச்.சும் கே.ஹெச்.சும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அது வழக்கமான சுண்ணாம்புத் தண்ணீர். ஜி.ஹெச். அதிகமாகவும் கே.ஹெச். மிகக் குறைவாகவும் இருந்தால், கால்சியமும் மெக்னீசியமும் சல்பேட்டாகவோ குளோரைடாகவோ இருக்கின்றன என்று பொருள். அந்தத் தண்ணீர் கடினமாக இருந்தாலும் பி.ஹெச்.சைத் தாங்கிப் பிடிக்காது. கே.ஹெச். ஜி.ஹெச்.சை விட அதிகமாக இருந்தால் சோடியம் கலந்திருக்கிறது. வீட்டில் தண்ணீர் மென்மையாக்கும் கருவி இருந்தால் இதுதான் நடக்கும். அந்தக் கருவி கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கும், வெள்ளைப் பொருக்கு படியாது. ஆனால் மீனுக்குத் தேவையான கால்சியம் போய்விடும், பி.ஹெச்.சும் குறையாது. அந்தக் கருவி வழியாக வரும் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் குழாயிலிருந்து பிடியுங்கள்.

டி.டி.எஸ். மீட்டர் எத்தனை விலைக்கு வாங்கினாலும் இந்தச் சோதனைகளுக்கு மாற்றாகாது. கரைந்திருப்பது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

பி.ஹெச்.சைக் குழாயில் பிடித்த உடனே அளக்க வேண்டாம். குழாய்க்குள்ளும் நிலத்தடியிலும் இருந்த தண்ணீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், அதனால் பி.ஹெச். குறைவாகக் காட்டும். ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்ப் கல்லைப் போட்டு 24 மணி நேரம் ஓடவிட்டு அளந்தால்தான் உண்மையான எண் தெரியும்.

தண்ணீருக்கேற்ற மீன்

இப்போது கையில் எண்கள் இருக்கின்றன. மீனைத் தேர்ந்தெடுக்கும் நேரம் இது. இந்த வரிசை மாறக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கடின நீரில் பிறந்தது போலவே வாழும் மீன்கள்: கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன். குட்டி போடும் இந்த வகைகள் எல்லாமே 15, 20 டிகிரியில் கொழுகொழுவென இருக்கும். மோலியை மிக மென்மையான தண்ணீரில் விட்டால், நின்ற இடத்திலேயே உடலை இடமும் வலமும் அசைத்துக்கொண்டிருக்கும்; நோய் என்று நினைத்து மருந்து போடுவார்கள், அதற்குத் தேவைப்படுவது கால்சியம். பெரிய தொட்டி இருந்தால், ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்களைக் கடினமான காரத்தன்மையுள்ள நீரில் அருமையாக வளர்க்கலாம். மேற்குப் பப்புவாவின் அயமாரு ஏரிகளைச் சேர்ந்த போசெமானி ரெயின்போ மீனும் இந்தக் கூட்டத்தில் சேரும். முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக அது கூட்டமாகத் திரும்பும் அழகைப் பார்த்தால் மென்னீர் மீன்களுக்காக ஏங்க மாட்டீர்கள்.

நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. ஜீப்ரா டானியோ, ரோஸி பார்ப், தங்கமீன், பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ, வெண்கல கோரிடோரஸ் போன்றவை எந்தத் தண்ணீரானாலும், அது நிலையாக இருந்தால், பழகிக்கொள்ளும். நத்தைகளுக்கும் செர்ரி இறாலுக்கும் கடின நீர் நல்லதுதான். ஓடு கட்டக் கால்சியம் வேண்டுமே.

மென்னீருக்கென்றே ஆன மீன்கள்: கார்டினல் டெட்ரா, ராம் சிக்லிட், காட்டிலிருந்து பிடித்த டிஸ்கஸ், சாக்லேட் கௌராமி, கிரிஸ்டல் ரெட் இறால். கார்டினலின் சொந்த ஊரான ரியோ நீக்ரோ ஆற்றுத் தண்ணீரில் கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மீன்கள் கடின நீரைக் காட்டு மீன்களைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆகவே வாங்கும்போது ‘இது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, ஜி.ஹெச். எவ்வளவு?’ என்று கேளுங்கள். தயக்கமில்லாமல் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். உயிரோடு இருப்பது வேறு, குஞ்சு பொரிப்பது வேறு என்பதையும் மறக்க வேண்டாம்: கடின நீரில் இந்த மீன்கள் முட்டையிட்டாலும் பெரும்பாலும் பொரிவதில்லை.

பி.ஹெச். குறைக்கும் பாட்டில் வேண்டாம்

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் தொட்டியின் பி.ஹெச். 8.2. கார்டினல் டெட்ரா பத்து வாங்கி விட்டிருந்தேன். காலையில் பி.ஹெச். குறைக்கும் மருந்து ஊற்றினால் 7-க்கு வந்துவிடும். நிம்மதியாக இருக்கும். மறுநாள் காலை பார்த்தால் 8-க்கு மேல். மறுபடி ஊற்றுவேன். ஐந்தாம் நாள் மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கிச் செவுளை வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. அந்த வாரத்தில் ஆறு போய்விட்டன. கடின நீர் அவற்றை ஒரே வாரத்தில் கொன்றிருக்காது. தினமும் பி.ஹெச்.சை ஏற்றி இறக்கியது நான்தான்.

நடந்தது இதுதான். பாட்டிலில் இருப்பது அமிலம். அது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து அதைக் கரியமில வாயுவாக மாற்றுகிறது. அந்த வாயு இருக்கும்வரை பி.ஹெச். குறைந்து நிற்கும். சில மணி நேரத்தில் வாயு காற்றில் கலந்துவிட, மிச்சமிருக்கும் பைகார்பனேட் பி.ஹெச்.சை மேலே கொண்டுபோய்விடும். ஊற்ற ஊற்றக் கே.ஹெச். கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். முழுவதும் தீர்ந்த அன்று பிடிமானம் இல்லாமல் பி.ஹெச். ஒரேயடியாக விழும். இந்த மருந்துகளில் சில பாஸ்பேட்டால் ஆனவை. கடின நீரில் அவை கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரைப் பால் போலக் கலங்கடிக்கும், பாசிக்கும் உரமாகும். இத்தனைக்கும் ஜி.ஹெச். ஒரு டிகிரிகூடக் குறைந்திருக்காது.

குறைத்தே ஆக வேண்டுமென்றால்

சில மீன்களின் மேல் ஆசை விடாது. புரிகிறது. அப்படியானால் செய்யக்கூடிய ஒரே நம்பகமான வழி, உங்கள் தண்ணீரோடு மென்மையான தண்ணீரைக் கலப்பது. ஆர்.ஓ. தண்ணீர் அதற்கு ஏற்றது. அதில் கனிமம் மிகக் குறைவு. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றிவிடக் கூடாது. கே.ஹெச். இல்லாத தண்ணீரில் பி.ஹெச். நிலைகொள்ளாது, மீனுக்கும் செடிக்கும் கால்சியம் கிடைக்காது. குடிநீருக்கான ஆர்.ஓ. கருவிகள் சிலவற்றில் கடைசிக் கட்டத்தில் கனிமம் சேர்க்கப்படும். அதனால் அந்தத் தண்ணீரையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கலக்கும் கணக்கு எளிது. வேண்டிய டிகிரியைக் குழாய்த் தண்ணீரின் டிகிரியால் வகுங்கள். குழாய்த் தண்ணீர் 20 டிகிரி, உங்களுக்கு 8 டிகிரி வேண்டும்: 8-ஐ 20-ஆல் வகுத்தால் 0.4. அதாவது 100 லிட்டருக்கு 40 லிட்டர் குழாய்த் தண்ணீர், 60 லிட்டர் ஆர்.ஓ. கே.ஹெச்.சும் அதே விகிதத்தில் இறங்கும். குழாயில் 14 இருந்தால் 5.6 ஆகும். கலந்தபின் கே.ஹெச். 3-க்குக் கீழே போகும் என்றால் ஜாக்கிரதை. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா சேர்த்தால் கே.ஹெச். சுமார் 1 டிகிரி ஏறும். தனியாகக் கரைத்து, மெதுவாகச் சேருங்கள்.

மீன்கள் ஏற்கெனவே தொட்டியில் இருந்தால் அவசரம் கூடாது. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். 20 டிகிரி முதல் முறையில் 18 ஆகும், அடுத்து 16.2, பிறகு 14.6... எட்டாவது முறையில் 8.6-க்கு வந்துவிடும். வாரம் இருமுறை செய்தால் நான்கு வாரம். அதன் பிறகு எப்போது தண்ணீர் மாற்றினாலும் கலந்து வைத்த தண்ணீர்தான். ஒருமுறை கலந்ததும், ஒருமுறை நேராகக் குழாயிலிருந்து பிடித்ததும் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதாக இருந்தால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஒவ்வொரு வாரமும் வாளி வாளியாகக் கலக்க முடியுமா என்று உங்களையே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மழைத்தண்ணீரும் மென்மையானதுதான். சுத்தமான கூரையில், முதல் மழையின் அழுக்கு கழுவிப்போன பிறகு, துருவோ பெயின்ட்டோ இல்லாத பாத்திரத்தில் பிடித்தால் ஆர்.ஓ. போலவே பயன்படுத்தலாம். கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டாக இருக்கும் கடினம் சுண்ணாம்பாக அடியில் படியும். மேலே தெளிந்ததை எடுத்து, ஆறவைத்து, ஏர் பம்ப் போட்டுப் பயன்படுத்தலாம். சிறு தொட்டிக்கு மட்டும் கட்டுப்படியாகும்.

நாட்டு வாதுமை இலையும் மரக்கட்டையும் போட்டால் தண்ணீர் மென்மையாகிவிடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவை தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், மீனுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் கே.ஹெச். 12, 14 இருக்கும் தண்ணீரில் அவற்றின் அமிலம் காணாமல் போய்விடும், பி.ஹெச். அசைவதே அரிது. பீட் கரிமண் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். அதுவும் முதலில் ஆர்.ஓ. கலந்து கே.ஹெச்.சைக் குறைத்த பிறகுதான்.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவை

தொட்டித் தண்ணீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேரும். 100 லிட்டர் தொட்டியில் வாரம் 10 லிட்டர் ஆவியாகி, அதை 20 டிகிரித் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் வாரத்துக்கு 2 டிகிரி, ஒரு மாதத்தில் 8 டிகிரி ஏறியிருக்கும். ‘தண்ணீர்தான் அடிக்கடி ஊற்றுகிறேனே’ என்று நினைத்து, எடுத்து மாற்றாமல் இருப்பவர்களின் தொட்டியில் இது சத்தமில்லாமல் நடக்கிறது. ஆவியானதை ஆர்.ஓ. அல்லது மழைத்தண்ணீரால் நிரப்புங்கள். அது இல்லாவிட்டால், தொட்டியை மூடி போட்டு மூடுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை வெளியே எடுத்து மாற்றுங்கள்.

அம்மோனியா விஷயத்தில் கடின நீர்த் தொட்டிக்குக் கூடுதல் கவனம் தேவை. தண்ணீரில் சேரும் அம்மோனியாவில் ஒரு பகுதிதான் மீனுக்குக் கொடிய விஷம். 25 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச். 7 என்றால் அந்தப் பகுதி ஏறத்தாழ அரை சதவீதம், பி.ஹெச். 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். பத்து மடங்கு. ஆகவே புதுத் தொட்டியில் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர்ந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீனை விடாதீர்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தாலே போதும். மாற்றும் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்தாலும் அது போகாது.

கே.ஹெச். அதிகம் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. ஃபில்டர் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது பைகார்பனேட்டைச் சாப்பிடுகிறது. நைட்ரேட் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஏறுவதற்குள் கே.ஹெச். சுமார் 1 டிகிரி தேய்ந்திருக்கும். மென்னீர்த் தொட்டிக்காரர்கள் இதனால் பி.ஹெச். சரிந்து தவிப்பார்கள். உங்களிடம் 12 டிகிரி கையிருப்பு இருக்கிறது.

கற்களைப் போடுவதற்கு முன் ஒரு சோதனை. காய்ந்த கல்லை ஆணியால் கீறி, அந்த இடத்தில் வினிகரை விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. மலாவி சிக்லிட் தொட்டிக்கு அது பொருந்தும். கடினத்தைக் குறைக்கப் பாடுபடும் தொட்டிக்கு ஆகாது. சிப்பி, பவழத் துண்டு, பளிங்குக் கல், இவையும் அப்படியே.

செடிகளில் வாலிஸ்நேரியா, ஹார்ன்வொர்ட், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் வெண்டிட்டி ஆகியவற்றைக் கடின நீரில் தைரியமாக வைக்கலாம். வாலிஸ்நேரியா பைகார்பனேட்டிலிருந்தே கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். அதனால் அதன் இலையை இரு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் சில சமயம் சொரசொரவென்று சுண்ணாம்பு ஒட்டும். நோய் இல்லை, பயப்பட வேண்டாம். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. பி.ஹெச். அதிகமுள்ள தண்ணீரில் ஈ.டி.டி.ஏ. வகை இரும்பு உரம் சீக்கிரம் வீணாகிவிடும், டி.டி.பி.ஏ. வகை கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைக் கோட்டுக்கு வருவோம். நீர்மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கி, வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கோட்டின் மேல் பத்து நிமிடம் ஒட்டிவைத்துப் பிறகு தேய்த்தால் வந்துவிடும். வினிகர் உள்ளே சொட்டாமல் பார்த்துக்கொண்டு, வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஹீட்டரிலும் ஃபில்டர் மோட்டாரின் சுழலும் பகுதியிலும் இதே பொருக்கு பிடிக்கும். மோட்டார் கரகரவென்று சத்தம் போடத் தொடங்கினால் அதுதான் காரணமாக இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, ஹீட்டர் ஆறியபின் வெளியே எடுங்கள். மோட்டாரின் அந்தச் சுழலும் துண்டை மட்டும் கழற்றி வினிகரில் ஊறவைத்து, நன்றாக அலசி மாட்டுங்கள்.

புது மீனை விடும் நாள்

வாங்கி வந்த பைத் தண்ணீரின் ஜி.ஹெச்.சை ஒருமுறை அளந்துபாருங்கள். உங்கள் தொட்டியோடு இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் என்றால், பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் விட்டுவிடலாம். வித்தியாசம் அதிகம் என்றால், பைத் தண்ணீரோடு மீனை ஒரு வாளியில் விட்டு, மெல்லிய ஏர் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டு வீதம் இறக்குங்கள். வாளியில் தண்ணீர் மூன்று மடங்காகும்வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம். நெடுந்தூரம் பயணப்பட்டு வந்த பை என்றால் இவ்வளவு நேரம் வைக்காதீர்கள். அடைத்த பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும், திறந்ததும் கரியமில வாயு வெளியேறிப் பி.ஹெச். உயர்ந்து அது விஷமாகும். அப்படிப்பட்ட மீனுக்கு, பைத் தண்ணீரின் ஜி.ஹெச்.சுக்குச் சமமாக ஒரு தனித் தொட்டியைத் தயார்செய்து அதில் நேராக விட்டு, அடுத்த சில வாரங்களில் உங்கள் தண்ணீருக்குக் கொண்டுவருவது நல்லது. எப்படியானாலும் மீனை வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். அன்று மாலை வரை விளக்கை அணைத்தே வைத்திருங்கள். தீனியை மறுநாள் போடலாம்.